மாமியார் பக்கத்துக் கொக்கி

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்காலையும் என் நாக்கையும் தவிர. அவர் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, என் நாக்கு அடங்க மாட்டேன் என்கிறது. அங்கே நீ எப்படி இருக்கிறாய், கழுத்து வலி தேவலையா, தலையணையை மாற்றினாயா, வேளாவேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் நின்றபடியே ஒரு கையில் தட்டும் ஒரு கையில் போனுமாகத்தான் காலம் ஓடுகிறதா. கேட்டால் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிடுகிறாய். அப்பனைப் போலத்தானே பிள்ளை இருக்கும், அவரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு நினைத்ததைத்தான் செய்வார். இதையெல்லாம் போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் பேசுவது என்றால் ஸ்பீக்கரைப் போட்டு, உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பதிலாக அவர் பேசுவது என்பது உனக்குத் தெரியும். மெசேஜ் அடிக்கலாம் என்றால் என் கட்டைவிரல் நாலு வரிக்கு மேல் தாங்குவதில்லை, கோபம் பாதியிலேயே ஆறிப்போகிறது. அதனால்தான் கடிதம் வருகிறது, அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே என்று ஒரே ஒரு வரி அனுப்பினேன். நீ அதற்கும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி வைத்தாய். எனக்குக் கட்டைவிரல் வேண்டாம், உன் கை சும்மா இருந்தால் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்றாய். மூடிக் கிடந்த எஃகு ஆலையைத் திறக்கிறார்கள், பழைய ஆட்களின் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம், உனக்கு நாற்காலி போட்டுத் துடைத்தே வைத்திருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னதை நம்பித்தான் அப்படிச் சொன்னாய். நான் போனை வைப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், முழங்கால் வலி எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. திரும்பி வருவதற்குள் முடிவெட்டுகிறவர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு டீச்சரம்மா எல்லோருக்கும் "எம் பொண்ணு வரா" என்று சொல்லியாகிவிட்டது. மறுநாளே உன் அறைக்கு வர்ணம் அடித்தார். அதற்கென்று எதுவும் வாங்கவில்லை, ஆலையில் நடைபாதைக்குக் கோடு போட வைத்திருந்த மஞ்சள் பெயின்டில் இரண்டு டின் பதினோரு வருஷமாக நம் பரணில் கிடந்ததே, அதையே கலக்கி நாலு சுவரிலும் பூசிவிட்டார். இப்போது உன் அறைக்குள் நுழைந்தால் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று கை தானாகத் தொட்டுப் பார்க்கிறது.

ஆலைக் கதை உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் அப்பா சொல்லும் கதையில் வாரத்துக்கு ஒரு வரி மாறிக்கொண்டிருக்கிறது, யாராவது ஒருவர் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போனவர்களிடம் பகல் இரண்டு மணிக்கு, இத்தோடு ஆலை மூடப்படுகிறது, டோக்கனை மாட்டிவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொன்னார்கள். உள்ளே போகும்போது பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொள்வதும், வெளியே வரும்போது அதே ஆணியில் மாட்டிவிட்டு வருவதும்தானே அவர்களுக்கு வழக்கம். மாட்டினால் ஷிஃப்ட் முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த நம் கிரேன் மாமாதான் முதலில் ஆரம்பித்து வைத்தார். மாட்டினால்தானே முடியும், மாட்டாவிட்டால் நாம் இன்னும் வேலையில்தானே இருக்கிறோம் என்று சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் மாதிரி சொல்லிவிட்டு டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த ஷிஃப்டில் இருந்த அறுநூறு பேரும் செம்மறியாட்டுக் கூட்டம் போல அவர் பின்னாலேயே வந்தார்கள். ஆக, கம்பெனி ஊரை விட்டே போய்விட்டது, உன் அப்பா மட்டும் பதினோரு வருஷமாக ஒரே ஷிஃப்டில் இருக்கிறார். தினமும் காலை ஐந்தரைக்கு முகச்சவரம் செய்து, டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டுப் பத்து மணிக்கு வருவார். ஒருநாள் கூட லீவு போட்டதில்லை. இப்படி ஒரு தொழிலாளி கிடைக்க எந்த முதலாளியும் கொடுத்து வைத்திருக்க வேண்டும், முதலாளி இல்லாததுதான் குறை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து, எஃகை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்குகிற ரோலிங் மில்லைக் கழற்றி விற்றார்கள். கழற்றுகிற வேலைக்கும் இவர்களைத்தான் கூப்பிட்டார்கள், இவர்களும் தங்கள் வீட்டுக் கூரையைத் தாங்களே பிரிக்கிற சாமர்த்தியத்தோடு போய்ப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருக்கும் பாகத்தின் பெயரை எழுதச் சொன்னார்களாம். அசல் பெயர்களும் நம்பர்களும் இருந்த காகிதங்களோ, ஆபீஸ் பீரோவோடு சேர்த்து எடைக்குப் போய்விட்டன. அதனால் இவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரை எழுதினார்கள். உருளைகள் பூட்டிய ஸ்டாண்டுகளில் முதல் ஸ்டாண்டு மெதுவாக நகரும் என்பதால் அதற்குப் பெரியப்பா. கடைசி ஸ்டாண்டுக்கு உழைப்பு குறைவு, தகட்டுக்கு வரும் மினுமினுப்பெல்லாம் தன்னால்தான் என்று நிற்கும் என்பதால் மாப்பிள்ளை. நாலாவது ஸ்டாண்டு, அதன் பக்கத்தில்தான் உன் அப்பா இருபத்தெட்டு வருஷம் நின்றார், அது எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு குறை கண்டுபிடித்து மடக்கிச் சுருட்டி வெளியே தள்ளும், அதனால் மாமியார். மாமியார் இடது கால், மாமியார் கழுத்து என்று அழகான கையெழுத்தில் எழுதிய பெட்டிகள் கப்பல் ஏறிப் போயின. அங்கே, இப்போது நீ இருக்கிற ஊரின் ஆட்கள் பிரித்துப் பார்த்துவிட்டு எட்டு மாசம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் நம் மொழியும் தெரிந்து மிஷினும் தெரிந்த ஆள் ஒன்று வேண்டும் என்று தேடினார்கள், படிப்பை முடித்துவிட்டு வீட்டில் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நீ அகப்பட்டாய். கல்யாணம் ஆகாமலேயே எட்டு வருஷமாக மாமியாரோடு குடித்தனம் நடத்துகிற பெண் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். போன வருஷம் நீ அனுப்பிய போட்டோவில் அதன் பக்கவாட்டில் மாமியார் என்ற எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது, உன் அப்பா துண்டு மாட்டுவதற்காகத் தானே பற்றவைத்த கொக்கியும் இருந்தது, அதில் யாரோ ஒரு மகராசன் மழைக்கோட்டைத் தொங்கவிட்டிருந்தான். அந்தப் போட்டோவை உன் அப்பா எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். இருக்கட்டும், மாமியாருக்குக் கீழேதானே மருமகள்.

இப்போது என்ன புதிதாக நடந்துவிட்டது என்றால், தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் கேட்டுக்கு எதிரே மேடை போட்டு, வெளிநாட்டு எஃகுக்கு வரி போடுவேன், போன வேலை ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டு வருவேன் என்றார். வேலை என்ன, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணா, இரண்டு பேர் போய்ச் சமாதானம் பேசிக் கூட்டிக்கொண்டு வர. உன் அப்பா கைதட்டிய தட்டில் உள்ளங்கை வீங்கி நான்தான் எண்ணெய் தடவினேன். மேடையில் பேசியவர் ஜெயித்தார், வரியும் போட்டார். உடனே நான் வேலை பார்க்கிற குடோனில் எல்லாப் பாத்திரத்துக்கும் விலைச்சீட்டை மாற்றி ஒட்டச் சொன்னார்கள், மூன்று நாள் குனிந்த இடுப்பு நிமிரவில்லை. அந்தக் குடோன் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆலையில் தகட்டுச் சுருள் அடுக்கி வைத்திருந்த அதே முற்றத்தில். அங்கே நான் ஒரு நாளைக்கு ஆயிரம் சட்டி பானைக்குப் பட்டைக்கோடு, அதுதான் பார்கோடு, வாசிக்கிறேன், கையில் இருக்கிற துப்பாக்கி மாதிரி மிஷின் அடுத்த அலமாரிக்கு எத்தனை நொடியில் போகவேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஒவ்வொரு சட்டியின் அடியிலும் எந்த ஊர்த் தகடு என்று போட்டிருக்கும், பாதிக்கு மேல் உன் ஊர்தான். சில சமயம் யாரும் பார்க்காதபோது அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். உன்னைத் தொடுகிற மாதிரி என்றெல்லாம் கதை விட மாட்டேன், சட்டி சட்டிதான், இருந்தாலும் தடவுவேன்.

போன வாரம் தபாலில் ஒரு அழைப்பு வந்தது. புதிய ஆலை திறப்பதை முன்னிட்டு அனுபவமிக்க முன்னாள் ஊழியர்கள் வரும் புதன்கிழமை வருகை தரவும், வீட்டாரும் உடன் வரலாம் என்று வழவழப்பான அட்டையில் அச்சடித்திருந்தது. உன் அப்பா அதை நேர்முகத் தேர்வு என்று முடிவு கட்டிவிட்டார். அட்டையில் அப்படி எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்றேன், "உனக்குப் படிக்கத் தெரியும், புரிஞ்சுக்கத் தெரியாது" என்றார். புதன்கிழமை நானும் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போகிறேன். பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன். அதுவரை இந்தக் கடிதம் என் துணி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கும். முப்பது வருஷத்தில் உன் அப்பா அந்தப் பக்கம் கை வைத்ததில்லை, அவருடைய சட்டையே எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர்.

வியாழக்கிழமை எழுதுகிறேன். போய்விட்டு வந்தோம். காலையில் உன் அப்பா அந்தப் பழைய நீலச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு நேராக இருந்த பொத்தான் துளைக்கு வரமாட்டேன் என்றது, ஹெல்மெட்டை அந்த இடத்தில் பிடித்தபடி நடந்தார். நாற்பது பேர் வந்திருந்தார்கள், எல்லோருடைய கையும் அடிக்கடி சட்டைப்பைக்குப் போய் டோக்கனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. ஆலை ஓடியபோது இருபது வருஷம் சாப்பாட்டுத் தூக்கோடு கேட் வரைக்கும் போயிருக்கிறேன், குடோனுக்கோ வேறு வாசல், இந்தக் கேட்டைத் தாண்டிக் கால் வைக்கப் போவது இதுதான் முதல் தடவை, எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கேட்டில் டோக்கன் பலகை இருந்த இடத்தில் ஒரு சின்ன மிஷின். விரலை வைத்தால் ரேகையை எடுத்துக்கொண்டு சீட்டு கொடுக்கும். நான் வைத்தேன், சட்டென்று சீட்டு வந்தது. உன் அப்பா வைத்தார், மறுபடி முயலவும் என்று ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொன்னது. துடைத்துவிட்டு வைத்தார், மறுபடி முயலவும். கட்டைவிரல் போய் ஆள்காட்டி விரல், அதுவும் போய்ப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். ரேகை இருந்தால்தானே எடுக்கும். இருபத்தெட்டு வருஷம் சூட்டிலும் எண்ணெயிலும் இரும்பிலும் தேய்த்ததில் வழவழவென்று ஆகிவிட்டது, ஆலையே உள்ளே தேய்த்து வாங்கிக்கொண்ட ரேகையை அதே ஆலையின் கேட்டில் கேட்டால் எங்கே போவார். கிரேன் மாமாவுக்கும் இதே கதை, இன்னும் இருபது பேருக்கும் இதே கதை. கடைசியில் காவல்காரர் பாவம் பார்த்து ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் விருந்தினர் என்று எழுதிக் கொடுத்து உள்ளே விட்டார். உன் அப்பா அதைச் சட்டையில் குத்திக்கொள்ளாமல் கையில் மடக்கி வைத்துக்கொண்டார்.

உள்ளே சுற்றிக் காட்ட வந்தது உன் வயசுப் பெண் ஒருத்தி, அதிகாரி. நல்ல பெண், எல்லோரையும் ஐயா ஐயா என்றுதான் கூப்பிட்டாள், அவள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்குகிற உலை, அதைக் கண்ணாடி அறைக்குள் இருந்து நாலு பிள்ளைகள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவன் சட்டையில் கூட ஒரு பொட்டு அழுக்கு இல்லை. மொத்தம் எத்தனை பேர் என்று உன் அப்பா கேட்டார். நூற்று நாற்பது என்றாள், எல்லோரையும் தேர்வு வைத்து எடுத்தாகிவிட்டது என்றாள். முன்னால் நாலாயிரம் பேர் இருந்தோம் என்றார் உன் அப்பா, ஏதோ அவள் கூட்டலில் தப்பு விட்டுவிட்ட மாதிரி. கிரேன் எங்கே என்று கேட்டார் கிரேன் மாமா. மேலே கை காட்டினாள், அது தானாகவே போய்க்கொண்டிருந்தது, ஓட்டுகிறவர் உட்காரும் அறைக்குள் ஆள் இல்லை. மாமா சிரித்தார், பரவாயில்லையே, அலுங்காமல் போகிறதே என்றார். பிறகு கழிவறை எங்கே என்று கேட்டுப் போனவர் வெகுநேரம் வரவில்லை, உன் அப்பா போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு விதி, எல்லாம் நல்ல விதிகள்தான்.

அடுத்து உன் அப்பா உன் பேச்சை எடுத்தார். என் பெண் வெளிநாட்டில் ரோலிங் மில் பார்க்கிறாள், அவளுக்கு இங்கே எந்த இடம் என்று கேட்டார். அந்தப் பெண், "ஐயா, இங்க ரோலிங் மில்லே கிடையாதுங்க" என்றாள். உருக்கி ஊற்றிக் கட்டியாக்குவது வரைக்கும்தானாம் இங்கே. அந்தக் கட்டியைக் கப்பலில் ஏற்றித் தகடாக்க அனுப்புவார்களாம். எங்கே என்று நான்தான் கேட்டேன். உன் ஊர் பெயரைச் சொன்னாள். இப்போது கணக்கு சரியாகிவிட்டது பார். இங்கே ஊற்றுவார்கள், நீ அங்கே மாமியாரிடம் கொடுத்துத் தட்டையாக்குவாய், இன்னொரு ஊரில் எவனோ அதைச் சட்டியாக்குவான், அது வரி கட்டிக்கொண்டு இங்கே வந்து சேரும், நான் அதற்குப் பட்டைக்கோடு வாசிப்பேன். நம் குடும்பமே எஃகுத் தொழிலில்தான் இருக்கிறது, உன் அப்பாவைத் தவிர. இரும்புக்கு மூன்று நாடு போய்வர வழி இருக்கிறது, உனக்கு ஒரு லீவு கிடைக்க மூன்று வருஷம் ஆகிறது.

ஆனால் அவருக்கும் வேலை வைத்திருந்தார்கள், அதைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். பாரம்பரியக் கூடம் என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். உள்ளே நீலச் சட்டை போட்ட ஆள் உயரப் பொம்மை ஒன்று, கையில் நீளமான இடுக்கியோடு. வாரக் கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்களாம், பழைய ஆட்கள் இரண்டு பேர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பொம்மைக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் காலத்தில் எஃகு எப்படிச் செய்தோம் என்று சொல்ல வேண்டுமாம். போன வேலை திரும்பி வரும் என்று மேடையில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, வந்திருக்கிறது, சனி ஞாயிறு மட்டும், பொம்மைக்குத் துணையாக. அதே கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நம் டோக்கன் பலகை. ஆணி எல்லாம் மொட்டையாக இருந்தது. உங்கள் டோக்கன்களைக் கொடுத்தீர்களானால் அழகாக மாட்டி, கீழே பெயரும் எழுதி வைப்போம் என்று அந்தப் பெண் ஆசையோடுதான் கேட்டாள். மாட்டினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யார் சொல்வது. யாரும் பையில் கை விடவில்லை. உன் அப்பா பொம்மையிடம் போனார், அதன் ஹெல்மெட் முன்பக்கம் பின்பக்கமாக இருந்தது, கழற்றித் திருப்பி வைத்து, தாடைக்குக் கீழே வாரையும் இழுத்துப் பூட்டினார். பிறகு "போலாம்" என்று என்னிடம் சொன்னார்.

அந்த நூற்று நாற்பது பிள்ளைகளுக்குக் கிடைத்தது கிடைக்கட்டும், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், டீக்கடைக்காரரும் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறார். நான் கேட்பதெல்லாம் உன்னைப் பற்றித்தான். நீ அந்த வேலையை விட்டுவிட்டு இதற்காக வராதே. இங்கே உனக்கு நாற்காலியும் இல்லை, மாமியாரும் இல்லை, ஒரு மஞ்சள் அறைதான் இருக்கிறது. வந்து உட்கார்ந்தாயானால் காலை ஐந்தரைக்கு அப்பாவும் பெண்ணுமாக டீக்கடைக்குப் போகலாம், அவ்வளவுதான். அங்கேயும் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று நீ ஒருநாள் சொன்னாய். குறைப்பார்கள், ஒருநாள் மாமியாரைக் கழற்றி இன்னும் மலிவான ஊருக்கும் அனுப்புவார்கள், அன்றைக்குப் பெட்டியில் பெயர் எழுதுகிற வேலை உனக்குத்தான் வரும், ஒழுங்காக எழுது. அதனால் இப்போதே இன்னொரு வேலையும் கற்றுக்கொள், ஒரே மிஷினைக் கட்டிக்கொண்டு அழாதே. நம் வீட்டுக்கு அப்படி ஒருவர் போதும். நான் இப்படி எழுதுவதைப் பார்த்து அம்மாவுக்கு நான் வருவது பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. நீ வருகிறேன் என்று சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். அந்த மஞ்சள் சுவரில் கடைசி மூலையை நான்தான் அடித்தேன், உன் அப்பாவுக்கு அங்கே குனிய முடியவில்லை. லீவில் வா, ஒரு மாசம் இரு, என் மடியில் தலை வைத்துப் படு, கழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்காக மட்டும் வராதே.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று சனிக்கிழமை, தபால் ஆபீஸ் போவதற்காக அலமாரியைத் திறந்தேன், சேலைகள் கலையாமல் அப்படியே இருந்தன. கடிதத்தை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். மாமியார் எத்தனாவது ஸ்டாண்டு என்று எழுதிய இடத்தில் நான் நாலாவது என்று எழுதியிருந்தேன். அதைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே மூணாவது என்று எழுதியிருக்கிறது. அந்தக் கையெழுத்தை நீ பெட்டிகளில் பார்த்திருப்பாய். முழுக் கடிதத்திலும் அந்த ஒரு இடம்தான். அவரைப் பொம்மைக்குத் துணை என்று எழுதியதை அடிக்கவில்லை, நீ வராதே என்று எழுதியதை அடிக்கவில்லை. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். கூடத்துக்குப் போனேன், நீ அனுப்பிய மாமியார் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வியாழன், வெள்ளி, இன்று, மூன்று நாளாக அவர் டீக்கடைக்குப் போகவில்லை, நான்தான் முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், "தப்பா எழுதி அனுப்பினா பொண்ணு சிரிப்பா" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து டோக்கனை எடுத்துத் துணியால் நன்றாகத் துடைத்து என் கையில் வைத்தார். அவங்க கண்ணாடிக்குள்ள மாட்டுறதுக்கு இல்ல, அவகிட்ட அனுப்பு, மாமியார் பக்கத்துல கொக்கி இருக்கே, அதுல மாட்டச் சொல்லு என்றார். அந்த மழைக்கோட்டுக்காரனை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் சொன்னார்.

அதனால்தான் இந்தக் கவர் இவ்வளவு கனம். நம்பர் ஆயிரத்து முன்னூற்றுப் பதினேழு, ஓரத்தில் ஒரு நெளிவு இருக்கும், அது நீ குழந்தையாக இருந்தபோது கடித்தது என்று அவர் சொல்வார், பித்தளையைக் கடித்து நெளிக்கிற பல் உனக்கு அப்போது முளைக்கவே இல்லை, இருந்தாலும் மறுத்துப் பேசாதே. உன் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இது கைக்கு வந்த மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக இதை மாட்டு. உடம்பைப் பார்த்துக்கொள், தலையணையை மாற்று, உட்கார்ந்து சாப்பிடு. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்கிற மாதிரி, நூறு வயசு நன்றாக இரு என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே, மாட்டியவுடன் மணி பார்த்து எழுதி அனுப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு உள்ளே போனவர், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று அவர் குறித்துக்கொள்ள வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு எப்போதும் காத்திருக்கும்
அம்மா
(பென்சில் திருத்தம்: அப்பா)